மாப்பிள்ளையை நிற்க வைத்த பேட்டரி

ஆரணி,
வியாழக்கிழமை.

கலசப்பாக்கம் சம்பந்தி குமரேசன் அவர்களுக்கு, ஆரணி பட்டுக்கடை வீரபாகு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் சுகம். அங்கு நீங்கள் கோபமாக இருந்தாலும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான்கு நாளில் ஏழு முறை போன் செய்தும் நீங்கள் எடுக்காததால் பேனாவை எடுத்தேன். என் மகள் சுபலட்சுமியின் கல்யாணத்தன்று உங்கள் பிள்ளையை மண்டப வாசலில் இருபது நிமிடம் நிற்க வைத்தது என் குரல்தான், நான் இல்லை. எங்கள் கடையில் மாடிக்கும் கீழுக்கும் பேசிக்கொள்ள இரண்டு வாக்கி டாக்கி உண்டு. பேட்டரி பழசாகி அரைமணி கூடத் தாங்காததால், கல்யாண வேலைக்கென்று புது பேட்டரி வாங்கி, முந்தின நாள் மத்தியானம் நானே மாற்றி, மண்டபத்து ஸ்டோர் ரூமில் சார்ஜ் போட்டேன். "நாலு மணி நேரம் ஏறணும், செவப்பு லைட்டு பச்சையாவணும்" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ஏறி முடித்துத் தானாக அணைந்துவிட்டது போலிருக்கிறது, நல்ல கம்பெனி என்று மெச்சிக்கொண்டு, ஒன்றை வாசல் காவலுக்கு நின்ற எங்கள் கடை வேலுவிடம் கொடுத்தேன். என் சம்சாரம் பரிமளா பிறகுதான் சொன்னாள்: "அன்னிக்கு மத்தியானமே யாருமில்லாத ரூம்ல ஃபேன் சுத்திகினு இருந்துச்சு, நான்தான் ப்ளக்க புடுங்கிட்டுப் போனேன். அது ஃபேன் ப்ளக்குன்னு நெனச்சேங்க."

நான் பின்கட்டில் சமையல்காரரோடு இட்லிக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நாதஸ்வரச் சத்தம் கேட்டது. உடனே என் கையிலிருந்த இன்னொரு வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தி, "வேலு, மாப்ளைய உள்ள விடாம நிக்க வைக்காத!" என்று கத்தினேன். 'நிக்க வை' வரை போனது, பேட்டரி செத்தது. 'க்காத' என் கையிலேயே தங்கிவிட்டது. வேலு ஒன்பது வருடமாக என் சொல்லைத் தட்டாதவன். கேட்டை இழுத்துச் சாத்திவிட்டான். "இன்னாய்யா இது? நாங்க பொண்ணு கட்ட வந்தமா, ரேஷனுக்கு வந்தமா?" என்று நீங்கள் கேட்டதும், "மொதலாளி சொல்லிட்டாரு சார். அடுத்து சொல்லட்டும், ஜல்தியா தொறக்கறேன்" என்று அவன் சொன்னதும், நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க மூன்றாவது பாட்டுக்குப் போனதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். "மாப்பிள்ளை எங்கேய்யா?" என்று ஐயர் மேடையிலிருந்து கூப்பிட்ட பிறகே ஓடி வந்தேன். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். இன்றுவரை சோறு இறங்கவில்லை.

என்னை மன்னித்து, வரும் ஞாயிறு விருந்துக்குக் குடும்பத்தோடு அவசியம் வரவேண்டும். சம்பந்தியம்மா பொன்னியம்மாளுக்கு என் வணக்கம். இளஞ்செழியனும் சுபலட்சுமியும் எல்லாச் செல்வமும் பெற்று நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள்.

தங்கள் அன்பு மறவா,
வீரபாகு

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சம்பந்தியம்மா பரிமளாவுக்குப் போன் செய்தார்கள். முகூர்த்தப் புடவைப் பையை நீங்கள் வேனிலேயே விட்டுவிட்டீர்களாமே! வேன் டீசல் போடப் போய்விட்டதாமே! கேட் மட்டும் சாத்தாமல் இருந்திருந்தால் வெறுங்கையோடு மேடை ஏறியிருப்பீர்களாம். அந்த வெட்கத்தில்தான் என் போனை எடுக்கவில்லையாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் டிரைவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். பத்தொன்பதாவது நிமிடத்தில் திரும்பி வந்த மகராசன், அவருக்குத்தான் முதல் இலை.