கோதண்டபாணி கடையில் கொரியா

"அங்கிள், கொரியன் பேன்ட் இருக்குதா?"

கோதண்டபாணி கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தினார். காலேஜ் பை மாட்டிய மூன்று பெண்கள் எதிரே நின்றார்கள். முன்னால் நின்று கேட்டவள் பெயர் வெண்பா என்பது பிற்பாடு தெரிந்தது. கொரியா என்று ஒரு நாடு இருப்பது அவருக்குத் தெரியும். அங்கேயும் மனிதர்கள் துணி உடுத்துவார்கள் என்பதும் தெரிந்ததுதான். அதை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் தம்முடைய ஜவுளிக்கடையில் வந்து கேட்பார்கள் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

"எந்த வயசுப் பையனுக்கும்மா?"

"பையனுக்கு இல்ல அங்கிள், எங்களுக்குத்தான். கால் ரெண்டும் அகலமா, தொளதொளன்னு தரை வரைக்கும் வரும்."

"நைட்டி எடுத்துக் காட்டட்டுமா?" என்றாள் வீராயி. கடை தொடங்கிய நாளிலிருந்து சேலை மடிக்கிறவள். பெண்கள் உள்ளே நுழைந்ததுமே ஓடிப்போய் ஏசியைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூல்களையும் இழுத்துப் போட்டிருந்தாள்.

நைட்டி வேண்டாம் என்றார்கள். சுடிதார், தாவணி, லெக்கின்ஸ் எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பொறுமையாகத்தான் பார்த்தார்கள். கடைசியில், "நாங்க கேட்டது கொரியன் அங்கிள். இருந்தா எடுத்திருப்போம்" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வருத்தம் கோதண்டபாணியின் நெஞ்சில் போய்த் தைத்தது. காரணம் இருந்தது. கடை இருக்கும் கட்டடம் அவர் மனைவி அமிர்தத்தின் அண்ணன் தனக்கோடிக்குச் சொந்தம். தனக்கோடிக்குக் கொஞ்ச நாளாகப் பிரியாணி ஆசை வந்துவிட்டது. சாப்பிடும் ஆசை இல்லை, கடை போடும் ஆசை.

"உன் கடைக்கு வர்றவங்கள்லாம் பேரன் எடுத்தவங்க மாப்ள. இளசுங்க ஒண்ணு கூட வர்றதில்ல. இப்ப புரட்டாசி, ஊரே கவுச்சி தொடாது, அதனால பொறுத்துக்கிறேன். மாசம் முடியறதுக்குள்ள வயசுப் பொண்ணுங்க நாலு பேரு இங்க துணி எடுக்குறத எங்கண்ணால பாக்கணும். இல்லன்னா ஐப்பசி பொறந்ததும் இங்க தம் போட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இளசுகள் வந்துவிட்டன. கேட்டது மட்டும் இல்லை. விடுவாரா கோதண்டபாணி? மறுநாள் விடியற்காலை ரயிலில் சென்னைக்குப் போய் வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைத் தெருவில் இறங்கினார்.

"கொரியன் பேன்ட் இருக்குதா?" என்று அந்தப் பெண் கேட்ட அதே தொனியில் கேட்டார்.

கடைக்காரர் அசரவில்லை. "சாதா கொரியனா, ஸ்பெஷல் கொரியனா?"

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"சாதா கொரியன் சூரத்லேர்ந்து வருது. ஸ்பெஷல் கொரியனும் சூரத்துதான். ஆனா கவர் போட்டு வரும்."

கவர் போட்டதிலேயே ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்து கடையில் இறக்கினார். அலைச்சலில் இடுப்பு விட்டுப்போயிற்று. மறுநாள் வீட்டில் படுத்துக்கொண்டார். அந்த ஒரு நாளில்தான் வினை.

மூட்டையைப் பிரித்த வீராயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு காலுக்குள் ஒரு குடும்பமே இறங்கலாம் போலிருந்தது. பாவம், முதலாளியை யாரோ பட்டணத்தில் நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று கண் கலங்கி, மொத்த மூட்டையையும் பக்கத்துச் சந்து டைலர் ஆதிநாராயணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆதிநாராயணன் மனசாட்சி உள்ள மனிதர். அன்று மாலைக்குள் எல்லாக் கால்களையும் வெட்டிப் பிடித்துத் தைத்து, இஸ்திரியும் போட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பெண்கள் வந்தார்கள். "வாங்கம்மா, கொரியா வந்துடுச்சு" என்று கோதண்டபாணி கவரைப் பிரித்து உதறினார். குழாய் போல ஒரு பேன்ட் விழுந்தது. அடுத்ததும் குழாய். மூட்டை முழுக்கக் குழாய்.

வெண்பா அதைப் பார்த்ததும் ஏனோ முகம் தெளிந்தாள். "இது டைட்டா இருக்குதே அங்கிள். கொரியன்னா லூசா இருக்கணும். பரவால்ல, வேற எதுனா காட்டுங்க."

அவர்கள் போன பிறகு வீராயி நடந்ததைச் சொல்ல, கோதண்டபாணி டைலர் கடைக்கு ஓடினார். "வெட்டின துணியெல்லாம் எங்க?"

"வீணாப் போவக்கூடாதுன்னு தலகாணி உறை தச்சுட்டேங்க. நீங்களே எடுத்துக்கங்க. தையக்கூலி வேணாம்."

திரும்ப அகலப்படுத்தத் துணி வேண்டுமே. கடையில் தாராளமாக இருந்தது பள்ளிக்கூட யூனிபார்ம் துணிதான். பழுப்பு நிறப் பேன்ட்டின் இரண்டு பக்கமும் நீலக் கட்டத் துணியில் ஒட்டுக் கொடுத்துத் தைத்தார் ஆதிநாராயணன். பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கொரியா என்றால் ஒரு மாதிரியாகத்தானே இருக்கும் என்று கோதண்டபாணி மனதைத் தேற்றிக்கொண்டார்.

இந்த முறை பெண்கள் ஐந்து பேர். அகலமான பேன்ட்டைக் கண்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெண்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேன்ட்டு நல்லாத்தான் இருக்குது அங்கிள். ஆனா மேல போட க்ராப் கார்டிகன் வேணும். அது இல்லாம இத மட்டும் எப்பிடிப் போடறது?"

"கார்டிகன்னா?"

"ஸ்வெட்டரு. முன்னால பட்டன் வெச்சது. இடுப்புக்கு மேலயே நின்னுடணும்."

"இந்த வெயில்ல ஸ்வெட்டரா?"

"கொரியாவுல அப்பிடித்தான் அங்கிள்."

சரியான ரசிகப் பெண்கள், சும்மா எடுத்துக் கொடுத்து ஏமாற்ற முடியாது என்று கோதண்டபாணிக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடிவிட்டது. சேலத்துக்குப் போனார். ஏற்காட்டுக்குச் சரக்கு அனுப்பும் மொத்தக் கடையில் ஸ்வெட்டர் வாங்கினார். எல்லாம் தொடை வரைக்கும் நீளம். திரும்பவும் ஆதிநாராயணன், திரும்பவும் கத்தரி. துணியை வெட்டினால் ஓரம் அடித்துவிடலாம். கம்பளிப் பின்னலை வெட்டினால் அது யார் பேச்சையும் கேட்காது. எடுத்து மாட்டும்போது இடுப்பு வரை இருந்தது. சாயங்காலம் பார்த்தால் நெஞ்சு வரை ஏறியிருந்தது. வீராயி தொங்கின நூலைத் தெரியாமல் பிடித்து இழுத்ததில் ஒன்றில் காலரும் இரண்டு கையும்தான் மிச்சம்.

ஸ்வெட்டர் வைக்க அலமாரி வேண்டும் என்று பட்டுச் சேலைகளை மாடிக்கு ஏற்றினார்கள். அந்த நேரம் பார்த்து நல்லூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தது. வருஷக்கணக்காக அங்கேதான் கூறைப்புடவை எடுக்கிற குடும்பம். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க, ஊட்டியில கடை போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

கோதண்டபாணி வாசல் வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பழைய வாடிக்கையும் போய்விட்டது. இனி இளசுகளைத்தான் நம்பவேண்டும். யோசித்துப் பார்த்ததில் குறை எங்கே என்று புரிந்தது. கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மை மூக்குத்தி போட்டு, பொட்டு வைத்து, கொண்டையில் கனகாம்பரத்தோடு நிற்கிறது. அதற்குக் கொரியன் உடுப்பு மாட்டினால் எப்படி எடுபடும்?

செராமிக் யூனிட் வைத்திருக்கும் சிநேகிதர் பச்சமுத்துவிடம் போய் நின்றார். பச்சமுத்து வருஷம் பூரா ஃப்யூஸ் கட்டை போடுகிறவர். புரட்டாசி வந்தால் கொலு பொம்மை.

"ஒரு தலை மட்டும் வேணும் பச்சமுத்து. கொரியாக்காரி மாதிரி."

"கொரியாக்காரிக்கு எங்கிட்ட ஏது அச்சு? கொலுவுக்குப் போட்ட புத்தரு அச்சு இருக்குது. கொண்டைய மழிச்சுட்டு முடி வெச்சுடறேன். பாத்தா யாருக்குத் தெரியப்போவுது?"

எல்லாருக்கும் தெரிந்தது. சூளையில் வெந்து வந்த தலையைப் பொம்மைக்கு மாட்டி, ஒட்டுப்போட்ட பேன்ட்டும் பாதி ஸ்வெட்டரும் போட்டு நிறுத்தியதும், வாசலில் வயதானவர்கள் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்த ஊரு சாமிங்க?" என்று கேட்டாள். வீராயி மனசு கேட்காமல் தினமும் அதன் காலடியில் இரண்டு செம்பருத்தி வைத்தாள்.

பெண்கள் மட்டும் தவறாமல் வந்தார்கள். கூட்டம் நாளுக்கு நாள் பெருத்தது. வந்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், போட்டும் பார்த்தார்கள். வாங்கத்தான் இல்லை. கோதண்டபாணி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"ஏம்மா வெண்பா, பேன்ட் கேட்டீங்க, வந்துடுச்சு. ஸ்வெட்டர் கேட்டீங்க, அதுவும் வந்துடுச்சு. இன்னும் என்னதாம்மா கொற?"

வெண்பா நெற்றியைச் சுருக்கி வெகு நேரம் யோசித்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் காதில் ஏதோ சொன்னாள்.

"ஹான்போக் இருக்குதா அங்கிள்? அதுதான் ஒரிஜினல் கொரியன். ராஜா காலத்து டிரெஸ்ஸு. அது இருந்தா நாங்க எல்லாருமே எடுப்போம்."

எல்லாருமே எடுப்போம் என்ற வார்த்தை அவருக்குத் தேனாகப் பாய்ந்தது. வீட்டுக்குப் போய் அமிர்தத்திடம் கேட்டார். அமிர்தம் மத்தியானத்தில் போனில் கொரியன் தொடர் பார்க்கிறவள். உடனே படம் எடுத்துக் காட்டினாள். மார்புக்கு மேலே கட்டி, கீழே குடை விரிந்த மாதிரி பாவாடை.

"இதயா கேக்குறாங்க? இதப் போட்டுக்கிட்டு பஸ்ஸுல எப்பிடி ஏறுவாங்க?" என்றாள் அமிர்தம்.

"அது அவங்க கவல. நம்ம கவல ஒங்கண்ணன்."

மாடிக்கு ஏற்றிய பட்டுச் சேலைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து ஆதிநாராயணனிடம் கொடுத்தார். அந்த மனிதரும் தூக்கம் கெட்டுத் தைத்தார். மயில்கழுத்துப் பட்டில் மாம்பழ மஞ்சள் மேல்சட்டையோடு ஹான்போக் வாசலில் தொங்கியது. உண்மையிலேயே கண்கொள்ளா அழகுதான். கோயிலுக்குப் போகிற ஒரு பெரியவர் நின்று பார்த்து, "அம்மனுக்குச் சாத்தவா? யாரு உபயம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை. தனக்கோடி வந்தார். கூடவே கையில் டேப்போடு ஒரு பிரியாணி மாஸ்டர். மாஸ்டர் வந்ததும் வராததுமாக அடுப்பு எங்கே போடலாம் என்று சுவரை அளக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பொறுங்க மச்சான். இப்ப வந்துடுவாங்க" என்றார் கோதண்டபாணி.

வந்தார்கள். வெண்பா முன்னால், பின்னால் ஒரு வகுப்பே. கடை நிறைந்து வீராயிக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. தனக்கோடி வாயைப் பிளந்துவிட்டார். டேப்பைச் சுருட்டச் சொல்லி மாஸ்டருக்குக் கை காட்டினார்.

"மாப்ள, நான் ஒன்ன என்னமோன்னு நெனச்சுட்டேன். இவ்ளோ கூட்டமா? சரி, ஒண்ணே ஒண்ணு வித்துக் காட்டு. இந்தக் கடை ஆயுசுக்கும் ஒனக்குத்தான்."

கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் தொங்கிய ஹான்போக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "வெண்பா, நீ கேட்டது. பட்டுல தச்சிருக்கும்மா."

வெண்பாவின் முகம் வெளுத்தது. கூட இருந்த பெண்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

"நல்லா இருக்குது அங்கிள். ஆனா... இதுக்கு ஒரு தொப்பி உண்டு. அது இல்லாம..."

"இருக்குதும்மா, படத்துல பாத்தேன்." கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார். "பச்சமுத்து பண்ணிக் குடுத்தது. பீங்கான். கொஞ்சம் கனக்கும், அவ்ளோதான்."

"வெள்ளைல ஒரு சாக்ஸு வரும்..."

"அதுவும் இருக்குது."

"முடியில குத்த நீளமா ஒரு ஊசி..."

"இருக்குது."

வெண்பா திரும்பிப் பார்த்தாள். உதவிக்கு யாரும் இல்லை. தொப்பியைப் பார்த்தாள், தனக்கோடியைப் பார்த்தாள், ஹான்போக்கை ஏந்திக்கொண்டு நிற்கிற கோதண்டபாணியைப் பார்த்தாள். உதடு பிதுங்கி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கம்மாபுரம் பஸ்ஸு வர்ற வரைக்கும் ஏசில நிக்கலாம்னுதான் அங்கிள், உங்க கடையில எது இருக்கவே இருக்காதோ அதாப் பாத்துப் பாத்துக் கேட்டோம். நீங்க ஏன் அங்கிள் அதையெல்லாம் போயி வாங்கியாந்தீங்க?"