கட்டிலுக்கடியில் குமிழிகள்

பாட்டிலில் குமிழி நின்றுவிட்டது. காலையில் ஒரு இருமலுக்கு ஐந்தாறு குமிழியாவது வந்துகொண்டிருந்தது. தையற்காரி குனிந்து கட்டிலுக்கடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏணியிலிருந்து விழுந்து விலா உடைந்து, நுரையீரலில் ஓட்டை விழுந்த அவள் புருஷன் பெயிண்டரின் நெஞ்சில் ஒரு குழாய். அதன் மறுமுனை கட்டிலுக்கடியில் பாட்டில் தண்ணீருக்குள். அதில் வரும் குமிழிதான் அவருடைய உயிர் என்று அவள் தானாகவே முடிவு கட்டியிருந்தாள். நர்ஸிடம் கேட்கத் திரும்பும்போதெல்லாம் அவருக்குத் தாகம் எடுத்தது.

எட்டு மாதமாக அவரோடு ஒரு வார்த்தை பேசாத வீராப்பு, இந்த நாலு நாளில் இருந்த இடம் தெரியவில்லை.

"கொஞ்சம் இருமுங்களேன்."

தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமினார். ஒரு குமிழிகூட வரவில்லை. சிரித்தால் இருமல் வருமென்று, கல்யாணமான புதிதில் அவர் சமைக்கப் போய்ச் சட்டியைக் கரியாக்கிய கதையைச் சொன்னாள். சிரித்தார், இருமினார், வலியில் வியர்த்துப் போனார். குமிழிதான் இல்லை.

கண் சரியாகத் தெரியவில்லையோ என்று பாட்டிலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். நர்ஸ் ஓடி வந்தாள். பாட்டில் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும், மேலே போனால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும் என்று கடிந்துகொண்டே இறக்கி வைத்தாள். வழிவிடுகிறேன் பேர்வழி என்று இவள் ஸ்டூலை நகர்த்த, அதன் கால் குழாயை மிதித்தது. அவர் மூச்சுக்கேற்பக் குழாயில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரும் அசையாமல் நின்றது.

அவள் உடைந்துபோனாள். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாம இருந்தது என் தப்புதாங்க. என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

நர்ஸ் ஸ்டூலை எடுத்துக் குழாயை நேராக்கினாள். தண்ணீர் மறுபடி ஏறி இறங்கியது. அவரை இருமச் சொல்லிப் பார்த்தாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள்.

"எதுக்கும்மா அழறீங்க? தேங்கின காத்துதான் குமிழியா வந்துச்சு. ஓட்டை மூடிக்கிச்சு, நின்னுடுச்சு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் குழாயை எடுத்துடுவார்."

தையற்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பெயிண்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில் தபால்காரர் தொண்டையைச் செருமினார்.

"குமிழி நின்னா நல்லதுன்னு அவருக்கு முதல் நாளே தெரியும்மா. உங்களுக்குத் தெரிஞ்சா மறுபடியும் பேச்சை நிறுத்திடுவீங்களாம், யாரும் சொல்லக் கூடாதுன்னு இந்த வார்டு பூராகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கார்."