கதவைப் பிடித்த பரமசிவம்

பரமசிவம் கெட்டிக்காரர். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை. ஓசூர் சிப்காட்டில் லாரிக் கதவுகளைச் சோதித்து அனுப்புகிற வேலை. பதினெட்டு வருஷ அனுபவம். சரியில்லாத கதவில் அவர் சிவப்பு அட்டை ஒட்டிவிட்டால், மேனேஜரே வந்தாலும் அதைத் தொடக்கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிரிக்கெட் ஃபைனல். அவர்தான் கேப்டன். அதே ஞாயிறு பாரூரில் மச்சான் சுரேந்தரின் மகளுக்குக் காதுகுத்து. வரமாட்டேன் என்று மனைவி மேகலாவிடம் சொல்லும் தைரியம் எந்தக் கேப்டனுக்கு உண்டு? எனவே சனிக்கிழமை மாலை, காரின் இடதுபக்க முன்கதவு வந்து சாத்துகிற சட்டத்தில், கதவின் பூட்டு கவ்வுகிற வளையத்தைக் கழற்றாமல் கொஞ்சம் தள்ளிவைத்து இறுக்கினார். எவ்வளவு அறைந்து சாத்தினாலும் கதவு மூடவில்லை. மனசு குளிர்ந்து, சிவப்பு அட்டையும் ஒட்டினார்.

காலையில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மேகலா, கதவு மூட மாட்டேங்குது. நீ பஸ்ல போயிரு. நான் இருந்து சரி பண்றேன்."

"நேத்து காலையில நல்லாத்தானே சாத்துச்சு?"

"பழைய வண்டி. திடீர்னு இப்படித்தான் ஆவும்."

"பதினெட்டு வருசமா கதவுதானே பாக்கறீங்க. இப்பவே சரி பண்ணுங்க."

"ஒரு நாள் முழுக்க ஆவும். அட்டை ஒட்டியிருக்கேன் பாரு. தொடக்கூடாது."

"அது உங்க கம்பெனிச் சட்டம்." மேகலா அட்டையைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். "அந்தப் பக்கம் நீங்க உக்காந்து, பெல்ட்டப் போட்டுக்கிட்டு, கதவைப் புடிச்சிக்கங்க. நான் ஓட்டறேன்."

அவளிடம் லைசென்ஸ் இருப்பதைப் பரமசிவம் அடியோடு மறந்திருந்தார். ஓசூருக்குள்ளேயே இருக்கிற பாகலூர் ரோட்டைத் தாண்டி அவளை ஓட்ட விட்டதே இல்லை.

"சானமாவு காட்டுல யானை வந்தா?"

"கதவை விட்டுட்டுக் கும்பிடுங்க."

வண்டி நாற்பதில் போனது. சூளகிரி தாண்டுவதற்குள் அவருக்கு இடது கை இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு லாரியும் கதவைக் கச்சிதமாக மூடிக்கொண்டு அவரை முந்திப் போனது. அதில் பாதி அவர் சோதித்து அனுப்பியதாக இருக்கும். குருபரப்பள்ளியில் போன் அடித்தது. விமல்ராஜ்தான், டீமின் விக்கெட் கீப்பர்.

"கேப்டன், டாஸ் போடப் போறாங்க. எங்க இருக்கீங்க?"

பரமசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. போனை வைத்தார்.

"மேகலா, ஓரங்கட்டு. கதவைக் கெடுத்தது நான்தான். ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிடறேன்."

"தெரியுங்க. நேத்து மாடியில துணி எடுக்கறப்பவே பாத்தேன்."

"பாத்தியா? அப்பவே கேக்கறதுக்கென்ன?"

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

"கேட்டா சரி பண்ணியிருப்பீங்க. கை சும்மா இருந்தா சூளகிரியிலயே எறங்கி ஓசூர் பஸ் புடிச்சிருப்பீங்க. பாரூர் வரைக்கும் கதவையே புடிங்க."