அநாமதேயப் பட்டி

நம் ஊரில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகியிருக்கும் இனம் ஒன்று உண்டு. அதற்கு 'நீங்க யாரு?' இனம் என்று பெயர் வைத்திருக்கிறேன். நேற்றும் உங்களைப் பார்த்திருக்கும், முந்தாநாள் உங்கள் வீட்டு வளைகாப்பில் புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் ஒரு பிடி பிடித்திருக்கும், ஆனாலும் ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்துவிட்டால் போதும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நீங்க யாருன்னு சொல்லலியே?" என்று கேட்கும். வேறென்ன செய்யும், பாவம்? கேட்பதுதான் அதற்கு உத்தியோகம்.

இந்த இனத்தின் முதல்தர மாதிரியைப் பார்க்க எங்கள் விதைச் சங்கத்துக்கு வாருங்கள். போன வருஷம், எண்பத்தெட்டில், அங்கே கம்ப்யூட்டர் வந்தது. குளிரறையில் ஒரு பெரிய மெஷின். வெளிக்கூடத்தில் வேறு கம்பெனி செய்த சின்ன மெஷின்கள். நடுவே ஒரு ஒயர். சின்னது ஆட்களைப் பெயரால் அறியும், பெரியது எண்ணால்தான் அறியும். எல்லையிலிருக்கும் பூவத்தைத் தாண்டினால் நாமே வேறு ராஜ்யத்துக்காரர் ஆகிவிடுகிறோமே, அது மாதிரி. இன்ன பெயருக்கு இன்ன எண் என்று ஜாதகம் பார்த்து முடிச்சுப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. உத்திராபதி வந்தார்.

வந்தவர் கோயில் மரியாதை வரிசையில் பொருத்தினார். முதல் மாலை தனக்கு: 'தலைவர்' என்று, எதையும் திறக்கும் எண். அடுத்து மேனேஜர், மேனேஜரின் மைத்துனர், எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்ட கணக்கர். போலகத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஊர் ஊராக விவசாயிகளின் நிலத்தையும் நெல் ரகத்தையும் அடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் லோகாம்பாள் அக்காவுக்கு? "டெம்பரரிக்கு எதுக்கும்மா நம்பர்? ஓரமா ஒக்காந்து அடி." அக்காவை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. 'இந்தாம்மா'தான்.

பொருத்தம் பார்க்காமல் வருகிறவரைப் பெரிய மெஷின் விரட்டாது. மேய்ச்சலில் பிடிபட்ட ஊர்மாட்டைப் போல, எல்லாரையும் 'அநாமதேயம்' என்ற ஒரே பட்டியில் அடைத்துவிடும். அக்கா அடித்ததெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பட்டிக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

செயலாளர் காதர் பாட்சா பார்வையிட வருகிற அன்று காலை, பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று அக்காவுக்கும் ஓர் எண் பொருத்தினார் உத்திராபதி. புது எண்ணோடு அக்கா உள்ளே போனால் வெறும் திரை; பழசெல்லாம் பட்டியில். அக்காவின் வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்கா என்பது அன்றைக்குத்தான் முடிவு. குளிரறைக்குப் போய் அக்கா பெயரில் தேடிவிட்டு வந்த உத்திராபதி, எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஒம் பேருல ஒரு வரிகூட இல்லியேம்மா. இத்தனை நாளா எதைத்தான் அடிச்சே?"

அக்கா மேசைமேலிருந்த டிபன்பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

காதர் பாட்சா வந்தார். அவர் கண்ணெதிரே அதிகாரத்தைக் காட்டாவிட்டால் உத்திராபதிக்குச் சோறு இறங்குமா? கூடத்துச் சின்ன மெஷினில் உட்கார்ந்து 'தலைவர்' என்று தட்டினார். பெரிய மெஷினுக்கு ஒரு குணம். தலைவர் என்றால் தன் எதிரே வந்து உட்கார வேண்டும். ஒயர் வழியாக வந்து 'நான்தான் தலைவர்' என்பவரை அது நம்பாது. தூக்கிப் பட்டியில் போட்டது.

திரையின் தலையில் 'அநாமதேயம்'. அதன் கீழே போலகம், பட்டினம், பூவம் என்று ஊர் ஊராக நெல்.

"சுத்தமா அடிச்சிருக்கே. யாருங்க இந்த அநாமதேயம்?" என்றார் காதர் பாட்சா.

உத்திராபதி கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். 'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். திரையில் அவரும் அந்தப் பெயரில்தானே உட்கார்ந்திருந்தார்? அதற்குத்தான் வாயைத் திறந்தார் என்பது என் சந்தேகம். ஆனால் கூடத்திலிருந்த நாங்கள் அத்தனை பேரும் அந்த டிபன்பாக்ஸ் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லோகாம்பாளுங்க" என்றார் உத்திராபதி.

அக்கா டிபன்பாக்ஸை எடுத்து மறுபடி மேசைமேல் வைத்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வாசலுக்குத் தினமும் கீரை கொண்டுவருகிறாரே ஓர் அம்மாள், அவர் பெயர் என்ன? 'கீரைக்காரம்மா' செல்லாது, அது பட்டியின் பெயர். அவசரமில்லை, நாளைக் காலையில் கூடையை இறக்கும்போது கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, இத்தனை வருஷம் கழித்துக் கேட்டால் அந்த அம்மாள் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு?" என்று கேட்டுவிடக்கூடும்.