நெல் கொட்டகையில் ஒரு ஏர்பஸ்

நீடாமங்கலம் அருகில்,
17.12.2012

மரியாதைக்குரிய கேப்டன் ஜெக்கரியா மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று தொடங்கு என்றாள் உங்கள் அக்கா மகளும் என் கல்லூரித் தோழியுமான நிலோஃபர். வணக்கம் என்றுதான் என் கைக்கு வருகிறது. இரண்டையும் எழுதிவிட்டேன். எது சரியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதுவதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். இரண்டு வருடமாக நான் அனுப்பும் மெயில்களுக்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு வரி, இரண்டு வரி பதில் போடுகிறீர்கள். ஒரு விமானிக்கு அதுவே அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது இரண்டு வரியில் அடங்காத விஷயம். மேலும் இங்கே ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் இரண்டு மணி நேரம் இல்லை. மெயில் பாதியில் போய்விடுகிறது, பேனா போவதில்லை. தன் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து அனுப்புகிறேன் என்று நிலோஃபர் சொன்னதால் தைரியம் வந்து எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு அப்பா இராஜாங்கம், அம்மா அம்சவல்லி, நான், விமானம் எல்லோரும் நலம். விமானம் மட்டும் தை பத்தாம் தேதி வரைக்கும் நலம்.

தை பத்தாம் தேதி எங்கள் வயலுக்கு அறுவடை மிஷின் வருகிறது. அன்றைக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தத் தகரக் கொட்டகை வெறும் கொட்டகை இல்லை மாமா. அப்பா இருபது வருடம் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கிய பிறகு, நம்ம நெல்லுக்கு நாமே கூரை போட வேண்டும் என்று வீட்டுக்குத் தளம் போடுவதற்கு முன்பே கட்டியது. அதில்தான் பத்தடிக்கு எட்டடி அளவில் நான் பலகையில் கட்டிய காக்பிட் நிற்கிறது. கொள்முதல் நிலையம் திறக்கும்வரை மூட்டைகளை அடுக்க வேறு இடமில்லை. அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டமே, நியாயம் இல்லாவிட்டால் சண்டை போட்டிருப்பேன்.

எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்கு மூன்று கம்பெனிகள் ஆள் எடுக்க வந்தன. எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். ஏழு பேர் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகக் கேட்டதற்கு மார்க் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் பட்டத்தோடு வீட்டுக்கு வந்து, நிலோஃபர் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்த்தேன். கீ போர்டில் ஓட்டுவது ஓட்டுவது மாதிரியே இல்லை என்று உங்களுக்கு முதல் மெயில் போட்டேன். “அட்டையில் செய்து பார், பிறகு பலகை” என்று ஒரே வரி எழுதினீர்கள். நாகூரில் உங்கள் அக்கா வீட்டுக் கடையிலிருந்து வாஷிங் மெஷின் பெட்டிகள் ஒன்பது கொண்டுவந்து அட்டையில் முழு காக்பிட்டும் செய்தேன். போன வருட ஐப்பசி மழையில் தகரத்தில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. காலையில் போய்ப் பார்த்தால் விமானம் தரையில் கூழாகக் கிடந்தது. அப்பா பார்த்துவிட்டு, “நல்லவேளை, உள்ள யாரும் இல்ல” என்றார்.

பிறகு பலகையில் தொடங்கினேன். தஞ்சாவூர் பழைய இரும்புக் கடையில் அம்பாசடர் கார் இருக்கை இரண்டு கிடைத்தது. மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து மூன்று மானிட்டர் வாங்கி முன் ஜன்னலாக வைத்தேன். அப்பாவின் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி ஹேண்டில்பாரை அறுத்து அழகாக ஒரு ஸ்டீயரிங் செய்து உங்களுக்குப் போட்டோ அனுப்பினேன். “நீ கட்டுகிற விமானத்தில் ஸ்டீயரிங் கிடையாது” என்று பதில் வந்தது. உங்கள் நண்பர் கேப்டன் அப்துல் வஹாப்பிடம் கேட்டேன், தன் விமானத்தில் உண்டு என்றார். இரண்டு பேருமே சொல்வது சரி, நான்தான் ஏர்பஸ் என்று பெயரை எழுதிவிட்டு வேறு விமானத்தின் படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறேன். அந்த ஹேண்டில்பாரில் இப்போது அம்மா துணி காயப்போடுகிறார். இருக்கைக்கு இடது புறம் ஒற்றைக் கைப்பிடி வைத்தேன். பவர் டில்லரின் கியர் கம்பி அதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

அடுத்தது ஆயுத பூஜை. அன்றைக்கு நான் திருவாரூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தலைக்கு மேல் பலகையில் உள்ள அத்தனை சுவிட்சுக்கும் சந்தனம் தடவி நடுவில் குங்குமம்.

“என்னம்மா இது?”

“எரநூறு சுச்சு வச்சிருக்கிற. ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வக்காம விட்டா அதுக்குக் கோவம் வராதா?”

சந்தனம் காய்ந்து, குங்குமம் உள்ளே இறங்கி, இன்ஜின் தீ எச்சரிக்கை பொத்தான் ஒட்டிக்கொண்டது. கரண்ட் வரும்போதெல்லாம் மணி அடித்தது. இரண்டு நாள் அடித்தது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அத்தை வந்து, “ஏண்டி செம்மொழி, யாரு போனு இது? எடுக்கவே மாட்டேங்கிறீங்க, கடன்காரனா?” என்று கேட்டார். அப்போதுதான் உங்களுக்கு, முதல் இன்ஜின் தீ அணையவில்லை என்று மெயில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் ஏதோ ஓட்டல் அறையிலிருந்து பதினொரு படிகளில் பதில் எழுதினீர்கள். நடுராத்திரி எழுந்து எழுதியதாக நிலோஃபர் பிறகு சொன்னாள். அது குங்குமம் என்று சொல்ல வெட்கப்பட்டு, அணைந்துவிட்டது, நன்றி என்று எழுதினேன். இப்போது சொல்லிவிட்டேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எல்லாம் சரியாகிவிட்டது.

அதே நாளில் அப்பா தன் பங்குக்கு முன் ஜன்னலின் நடுவில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எடுக்கலாமா என்று கேட்டதற்கு, “பஸ்ஸுலயே கட்டுறான், அது தரையில போறது” என்றார். இறங்கும்போது கண்ணாடியில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு ஓடுபாதையை அந்தப் புள்ளியிலேயே வைத்திரு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தப் புள்ளி எலுமிச்சம்பழம். அதை வைத்து நாற்பது முறை திருச்சியில் குலுங்காமல் இறங்கினேன். நாற்பத்தோராவது முறை ஓடுபாதை முழுவதையும் கடந்துபோய்ப் புதுக்கோட்டை ரோட்டில் இறங்கினேன். வேகம், உயரம், இறக்கைத் தட்டு எல்லாம் சரி. ஒன்றும் புரியாமல் இரண்டு நாள் கணக்குப் போட்டேன். அம்மா பழம் காய்ந்துவிட்டது என்று புதுப்பழம் மாற்றியிருக்கிறார், நூல் நாலு விரல் நீளமாகிவிட்டது. இப்போது நூல் பதினொரு சென்டிமீட்டர், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மோட்டார் விஷயம் இதைவிடப் பெரியது. இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் இல்லை, சம்பா முழுக்க ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத போர்க் கிணற்றுத் தண்ணீரில்தான். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள், வோல்டேஜ் விழும், என் விமானத்தில் மூன்று ஜன்னலும் இருண்டுபோகும். ஒருநாள் மணப்பாறைக்கு மேலே இருக்கிறேன், வெளியே அப்பா குரல்.

“பாப்பா, த்ரீ பேஸு வந்துட்டு. மோட்டாரப் போடுறேன்.”

“இருங்கப்பா, ரெண்டாயிரம் அடியில இருக்கேன்.”

“இங்க வயலு வெடிச்சுக் கெடக்கு, ரெண்டாயிரம் அடிங்கிறியே!”

“ஏழே நிமிசம்ப்பா.”

“ஏழு நிமிசத்துக்கு மேல ஆனா நீ பாட்டுக்கு அங்கயே இரு.”

ஆறரை நிமிடத்தில் இறங்கினேன். அன்றிலிருந்து, விமானத்தை இறக்கத் தொடங்கும் முன் கொட்டகை வாசலில் பச்சைத் துண்டைப் போடுவேன், துண்டை எடுத்தபிறகுதான் அப்பா மோட்டார் போடுவார். ஒருமுறை பக்கத்து வயல்காரர் ஏன் நிற்கிறாய் என்று கேட்டபோது அப்பா, “இருங்கண்ணே, பாப்பா எறங்கிடட்டும்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

விமானத்தை ஒருவரே ஓட்டக் கூடாது, ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். வேறு ஆள் இல்லாததால் அம்மாவை உட்காரவைத்தேன். கொலு பொம்மைக்குப் பக்கத்தில் உட்காருவதுபோல் எதிலும் படாமல் ஓரமாக உட்கார்ந்தார். “சக்கரம்?” என்றால் “எறக்கியாச்சு”. “தட்டு?” என்றால் “போட்டாச்சு”. “லைட்டு?” என்றால் “எரியுது”. நான் சோதிப்பதற்காகச் சக்கரத்தை இறக்காமலே கேட்டேன். அம்மா, “எறக்கியாச்சு” என்றார்.

“எங்கம்மா எறக்கியிருக்கு? பாத்துட்டுச் சொல்லுங்க.”

“நீ எறக்காம விடுவியா? பெத்தவளுக்குத் தெரியாதா?”

விமானப் போக்குவரத்தில் இந்த நம்பிக்கைக்கு இடம் கிடையாது என்று விளக்க ஒரு மாதம் ஆயிற்று. இப்போது நிலைமை தலைகீழ். விளக்கை விரலால் தொட்டுப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை, போன வாரம் நான் சரிபார்க்கும் பட்டியலில் ஒரு வரியை விட்டுவிட்டேன் என்று, “மறுபடி மொதல்லேருந்து படி” என்று விமானத்தை நிறுத்திவைத்துவிட்டார். நானும் மாறியிருக்கிறேன் மாமா. மனதுக்குள் சொல்லாதே, வாயைத் திறந்து சொல், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தனியாக ஓட்டுகிறார் என்று அர்த்தம் என எழுதியிருந்தீர்கள். நான் உயரம் சொல்வது இப்போது மூன்றாவது வயல்வரை கேட்கிறதாம்.

தங்கம்மாள் அத்தைக்கு மகள் பிரசவத்துக்காகப் பங்குனியில் சிங்கப்பூர் போக வேண்டும். விமானம் என்றாலே பயம். மணிச் சத்தம் கேட்டு வந்தவர், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவின் துண்டால் இடுப்பைக் கட்டிக்கொண்டு தினமும் உட்காருகிறார். முதல் நாள் மேகத்துக்குள் போனதும் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “அத்தை, நாம கொட்டாயிலதான் இருக்கோம்” என்றேன். “நான் கீழதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும்டி. வயித்துக்குத் தெரியலையே” என்றார். ஆறாவது நாள் நான் கொஞ்சம் அழுத்தி இறக்கியதற்கு, “நேத்து இதவிட நல்லா எறக்குன” என்றார்.

இவ்வளவும் அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் கார்த்திகை கடைசியில் மிஷின்காரரிடம் தேதி பேசிவிட்டு வந்து சாப்பிடும்போது சொன்னார்.

“நெல்லு நனைஞ்சா யாரு பதில் சொல்றது? இன்ஜினியரு படிச்ச புள்ள ஒரு வருசமா கொட்டாயில ஒக்காந்து சுச்சு போடுதுன்னு ஊரே பேசுது.”

“அந்த இன்னொரு சீட்டுல நான்தான் ஒக்காந்திருக்கேன். என்னையும் சேத்துத் தூக்கி வெளிய போடுங்க” என்றார் அம்மா.

அப்பா தட்டை ஒதுக்கிவைத்தார். “நீங்க ரெண்டு பேரும் சொன்னா ஆச்சா? நெசமா ஓட்டுறவரு ஒருத்தரு வந்து, ஒக்காந்து பாத்து, இது வெளையாட்டு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மூட்டைய வீட்டுக்குள்ள அடுக்கிட்டு நான் வாசல்ல படுத்துக்கிறேன்.”

இதைச் சொல்வதால், நீங்கள் வர வேண்டும் என்று கேட்க எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நிலோஃபர் கல்யாணத்துக்கு வரும் நாலு நாள் லீவில் உங்களுக்குக் கல்யாண வேலையே தலைக்கு மேல் இருக்கும். நான் எழுதியது ஒரு சின்ன சந்தேகத்துக்காகத்தான். தலைக்கு மேல் பலகையில் மூடி போட்ட ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதை எப்போது அழுத்த வேண்டும்? நேரம் கிடைத்தால் ஒரு வரி போதும்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நிலோஃபரின் புது வாழ்க்கை நன்றாக அமைய அம்மாவும் அப்பாவும் வாழ்த்தச் சொன்னார்கள். நீங்கள் ஏறும் ஒவ்வொரு விமானமும் பத்திரமாக இறங்க வேண்டும் என்று தங்கம்மாள் அத்தை தன் சார்பில் தனியாக எழுதச் சொன்னார்.

தங்கள் பணிவுள்ள,
இரா. செம்மொழி

பி.கு.: அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. அது தண்ணீரில் இறங்கும்போது அழுத்துவது, போன வருடமே படித்துவிட்டேன். இந்த வருடம் எங்கள் ஆற்றில் அதற்கும் வழியில்லை. வரச் சொல்லிக் கேட்கவில்லை என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். நிலோஃபரின் நிக்காஹ் ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை, ஜனவரி 22, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக அப்பாவிடம் போன வாரமே சொல்லிவிட்டேன். நான் சொன்ன முதல் பெரிய பொய் இது, ஆனால் சத்தமாகச் சொன்னேன். அப்பா தெரு முழுக்க, கேப்டன் வந்து விமானத்தைத் திருச்சியில் இறக்கிக் காட்டப்போகிறார் என்று சொல்லிவைத்திருக்கிறார். அங்கேதான் ஒரு சிக்கல். நீங்கள் இறக்கினால், அவரு எறக்குவாரு, அவரு வேலை அது என்று அப்பா சொல்லிவிடுவார், மறுநாள் தை பத்து, மூட்டை உள்ளே வந்துவிடும். அம்மாவிடம் அந்த ஒரு நாளைக்கு மட்டும் தன் இடத்தை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இடது பக்கம் உட்கார்ந்து நான் இறக்குகிறேன் மாமா. அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் வலது பக்கம் உட்காருவீர்களா?