உடுவிலில் ஒரு சைவ றேஸ்கார்

இதனால் சகல தேசத்தாருக்கும் அறியத்தருவது யாதெனில்: வேகமாக ஓடவென்றே செய்யப்பட்ட மோட்டார் கார்களுள் எதை வீட்டு வளவிலேயே வைத்துத் திருத்துவது இலகு என்ற மாபெரும் கேள்விக்குச் சீமையிலும் அமெரிக்காவிலும் பெரிய மூளைகள் விடை தேடிக் களைத்திருந்த வேளையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு, யாழ்ப்பாணத்து உடுவிலில், ஒரு மாமரத்தின் கீழ், ஒரு தட்டு வடை முடிவதற்குள் அதற்கு விடை காணப்பட்டது.

கண்டது 'வலிகாமம் வேகக்கார் வீட்டுத் திருத்தக் கழகம்'. அந்தப் பக்கத்தில் வேகக்கார்கள் மூன்றே இருந்தபடியால் கழகத்தில் உறுப்பினரும் மூவர். மலாயா றெயில்வேயில் இருந்து இளைப்பாறிய முத்துக்குமாரு தலைவர். கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிறாசி கிறிஸ்துநாயகம் செயலாளர். டாக்குத்தர் லியோன் பொருளாளர். எல்லோருக்கும் பதவி கிடைத்துவிட்டதால், சாதாரண உறுப்பினர் என்ற தாழ்ந்த நிலை அக்கழகத்தில் இருக்கவில்லை.

'வீட்டில் திருத்துதல்' என்றால் என்ன என்பதைக் கழகம் முதலிலேயே வரையறுத்துக்கொண்டது. காரின் சொந்தக்காரர், கதிரையை விட்டு எழும்பாமலும், வேட்டி கசங்காமலும், அயல் வீட்டாருக்குக் கேட்கத்தக்க சத்தத்தோடும் நடத்தும் திருத்தமே வீட்டுத் திருத்தம். இந்த அளவுகோலின்படி மூன்று கார்களும் ஆராயப்பட்டன.

டாக்குத்தரின் நீண்ட சாம்பல் நிறக் காரில் எதைத் தொடுவதென்றாலும் முதலில் எஞ்சினை வெளியே தூக்கவேண்டும். பலாமரக் கிளையில் கயிறு கட்டி இழுத்தார்கள். கிளை கீழே வந்தது. எஞ்சின் மேலே வரவில்லை. பிறக்கிறாசியின் நீலக் காருக்கோ சகல உறுப்புகளும் அடிவயிற்றில். மல்லாந்து படுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். பிறக்கிறாசி ஒருநாள் படுத்தும் பார்த்தார். வழக்குப் பேச வந்த ஒரு கட்சிக்காரர் காரின் கீழ் இரண்டு கால் நீட்டியிருக்கக் கண்டு, 'ஐயோ, பிறக்கிறாசியார் செத்துப்போனார்!' என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினார். அயலில் அடுப்பை அணைத்துவிட்டு அழ வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லி அனுப்பப் பொழுதுபட்டுவிட்டது.

முத்துக்குமாருவின் சிவப்புக் கார் அப்படியல்ல. இரண்டே இருக்கை. சீமைக்குத் திரும்பிய ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை விட்டுப்போனது. காலுக்குக் கீழ் இரண்டு பலகை. பலகையைத் தூக்கினால், எஞ்சினின் விசையைச் சில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கிளச் என்னும் உறுப்பு, வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததுபோல் அப்படியே கண்முன்னே கிடக்கும். யாரும் பார்க்கலாம். யாரும் தொடலாம். அறிவு தேவையில்லை. 'ஆகவே இதுவே சிறந்தது' என்று கழகம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

கூட்டத்துக்குப் பிரதம விருந்தினராக வந்திருந்தவர் சுன்னாகத்து வெங்காய முதலாளி ஏரம்பு. வருகிற வெள்ளிக்கிழமை அவருடைய மகன் சீவரத்தினத்துக்கும் முத்துக்குமாருவின் மகள் குணலட்சுமிக்கும் கலியாணம். மாப்பிள்ளையைச் சுன்னாகத்திலிருந்து பெண்வீட்டுப் பந்தல்வரை அந்தச் சிவப்புக் காரிலேயே அழைத்துவருவதாக ஏற்பாடு. ஏரம்பு மூன்று நேரமும் நீறு பூசுபவர். உள்ளிப்பூண்டுக்கே முகஞ்சுளிப்பவர். வெங்காயத்தை மட்டும், விற்கிறபடியால், மன்னித்திருந்தார்.

"சம்பந்தி, உந்தக் காரைப் பாத்தால் எனக்குப் பெருமையாக் கிடக்கு," என்று அவர் நாலாவது வடையை எடுத்தார்.

தன் நீலக் காருக்குக் கிடைத்த தோல்வி பிறக்கிறாசியின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. கோட்டில் எதிர்க்கட்சிச் சாட்சியைப் பார்ப்பதுபோல் ஏரம்புவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம், நல்ல கார். அந்தக் கிளச்சைச் சுத்தி வரிஞ்சு கிடக்கிறதும் முதல்தரமான மாட்டுத் தோல் எல்லோ."

வடை ஏரம்புவின் வாய்க்கு வெளியே நின்றது.

"என்ன தோல்?"

"மாட்டுத் தோல். என்ரை காரிலையும் அதுதான். காய்ஞ்சு போகாமல் இருக்க இடைக்கிடை மாட்டுக்கால் எண்ணெய் தடவோணும். குளம்பை அவிச்சு வடிக்கிறது. நல்ல மணம்."

ஏரம்பு வடையைத் தட்டில் வைத்தார். எழும்பினார். சால்வையை உதறினார்.

"முத்துக்குமாரு," என்றார். சம்பந்தி என்ற சொல் அதற்குள் போய்விட்டிருந்தது. "மாட்டுத் தோலுக்கு மேலை காலை வைச்சுக்கொண்டு என்ரை பொடியன் மணவறைக்கு வரமாட்டான். ஊருக்கெல்லாம் அந்தக் கார் எண்டு சொல்லிப்போட்டன், இனி வண்டிலிலையும் வரமாட்டான். கார் சைவமாய் வரோணும். இல்லாட்டில் கலியாணம் இல்லை."

முத்துக்குமாருவுக்கு மாமரம் சுற்றியது. குணலட்சுமிக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் முறிந்திருந்தது. ஒன்று சாதகத்தால். மற்றது, மாப்பிள்ளையின் சிறியதாயாருக்குக் கைபிடி இல்லாத கதிரை கொடுத்ததால். மூன்றாவதும் முறிந்தால், காரணம் கிளச் என்று ஊர் சொல்லும்.

"பொறுங்கோ!" என்றார். "வீட்டிலை வைச்சுத் திருத்த உலகத்திலேயே லேசான கார் இதுதான் எண்டு இப்பதானே தீர்மானம் போட்டனாங்கள்? நான் சைவமாக்கித் தாறன்."

"அப்ப வெள்ளிக்கிழமை தவில் அடிக்கிறவங்கள்?" என்று பிறக்கிறாசி மெல்லக் கேட்டார். "அதிலை கட்டியிருக்கிறது என்ன, வாழையிலையோ?"

ஏரம்பு ஒரு கணம் யோசித்தார். "அது சாமிக்கு அடிச்சுப் பழகின தோல்," என்றார்.

இந்த விளக்கம் கழகத்துக்குத் திருப்தியளித்தது.

அடுத்த நாளே சைவமாக்கும் திருப்பணி தொடங்கியது. முத்துக்குமாரு கதிரையில் அமர்ந்தார். பலகைகள் தூக்கப்பட்டன. தோல் தெரிந்தது. இப்போது அதை யார் தொடுவது என்ற கேள்வி எழுந்தது. அவர் தொடமுடியாது. மனைவி ஞானாம்பிகை தொட்டால் பிறகு அடுப்படிக்குள் போகமுடியாது. ஆகவே பனங்காணிக்கு அப்பால் இருக்கும் கந்தப்புவுக்கு ஆள் போயிற்று.

கந்தப்பு வந்தான். குனிந்தான். தோலைக் கழற்றி எடுத்தான்.

"தூரக் கொண்டுபோ, தூரக் கொண்டுபோ!" என்று முத்துக்குமாரு மூக்கைப் பொத்தினார்.

"பயப்பிடாதையுங்கோ நயினார். மாடு செத்து எவ்வளவோ காலம். இனி முட்டாது," என்றான் கந்தப்பு.

தோலின் இடத்தில் என்ன வைப்பது? கழகம் அவசரமாகக் கூடி ஆராய்ந்தது. சணல் சாக்கு மங்கலமில்லை என்று தள்ளப்பட்டது. தென்னம்பன்னாடை பொத்தல் என்று கழிக்கப்பட்டது. ஈற்றில் கமுகம்பாளை தெரிவாயிற்று. நனைத்து, வெட்டி, பனைநாரால் இழுத்துக் கட்டினான் கந்தப்பு. மாட்டுக்கால் எண்ணெய்க்குப் பதிலாக ஞானாம்பிகை மறைத்து வைத்திருந்த நெய்ப்போத்தல் அடுப்படியிலிருந்து கொண்டுவரப்பட்டது.

"இஞ்சாருங்கோ, பலகாரத்துக்கு வைச்ச நெய். அதோடை நெய்யும் மாட்டிலை இருந்துதானே வருகுது?" என்றாள் ஞானாம்பிகை.

"உமக்கு விளங்காது. நெய் மாடு மனம் விரும்பித் தாறது. தோல் நாங்கள் கேளாமல் எடுக்கிறது."

"மாட்டிட்டைக் கேட்டனியளே?"

"உள்ளுக்குப் போம்."

ஒரு துளி நெய், விரல் நுனியளவு, பாளையில் தடவப்பட்டது. கார் வாசல் படலைவரை ஓடியது. திரும்பியும் வந்தது. முத்துக்குமாரு அன்று இரண்டு கோப்பை பால் கூடுதலாகக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கழகத்தார் மூவரும், சிவப்புக் காரிலும் பிறக்கிறாசியின் நீலக் காரிலுமாக, சுன்னாகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கந்தப்புவும் வேறு மூவரும் சிவப்புக் காருக்கு முன்னால் ஓடித் தெருவில் கிடந்த கல்லையும் முள்ளையும் அகற்றிக்கொண்டே வந்தார்கள். ஏரம்புவின் வாசலில் மாப்பிள்ளை சீவரத்தினம் தலைப்பாகையோடு நின்றான். பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன். நாதசுரம் தயார். தவிலும் தயார்.

ஏரம்பு சிவப்புக் காரைச் சுற்றி வந்தார். பலகையைத் தூக்கச் சொன்னார். குனிந்து முகர்ந்து பார்த்தார். நெய் மணத்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"சம்பந்தி!" என்றார். சொல் திரும்பிவந்துவிட்டது. "என்ரை பங்குக்கும் ஒரு கைங்கரியம் செய்யோணும்."

ஒரு செம்பு நிறைய நெய் கொண்டுவரப்பட்டது. முத்துக்குமாரு வாய் திறப்பதற்கு முன், ஏரம்பு தம் திருக்கையால், சிவசிவ என்று சொல்லிக்கொண்டு, அதை முழுவதும் கிளச்சுக்குள் ஊற்றினார். பக்திக்கு அது போதுமானது. கிளச்சுக்குத்தான் கூடிப்போயிற்று.

மாப்பிள்ளை ஏறினான். தோழன் மிதிபலகையில் தொற்றினான். முத்துக்குமாரு எஞ்சினை முடுக்கினார். கார் சிங்கம்போல் கர்ச்சித்தது. முனிவர்போல் நின்றது. இன்னும் முடுக்கினார். பலகையின் இடுக்கால் வெள்ளைப் புகை எழும்பியது. வெந்த நெய்யும் கருகிய பாளையும் சேர்ந்த வாசனை தெருவெல்லாம் பரந்தது. யாகம் நடக்கிறதென்று நினைத்து ஒரு கிழவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"என்ன காணும் நிக்கிறது?" என்றார் ஏரம்பு.

"கிளச் வழுக்குது."

"வீட்டிலை திருத்த லேசான கார் எண்டியள்?"

"வீட்டிலை," என்றார் முத்துக்குமாரு. "இது தெரு."

முகூர்த்தத்துக்குப் பொழுது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறக்கிறாசி தம் நீலக் காரைத் தர முன்வந்தார். அதன் அடிவயிற்றிலும் தோல் என்பது அவருடைய வாயாலேயே நிரூபணமாகியிருந்ததால் மறுக்கப்பட்டது. அடுத்து அவர் வாசலில் நின்ற வண்டிலைக் காட்டினார்.

"உந்த வண்டில் மாட்டிலை ஒரு சோடியை அவிட்டுக் காரிலை பூட்டினால் என்ன? பத்து நிமிசத்திலை உடுவில்."

ஏரம்பு காதைப் பொத்தினார்.

"கலியாண நாளிலை மாட்டை வருத்திறதோ! எவ்வளவு பாரமான கார்! வாயில்லாச் சீவன் ஐயா. பாவம் சுத்தும்."

எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். மாடுகளும் நிம்மதியாகத் தலையை ஆட்டின. பிறகு எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் கந்தப்புவிடமும் மற்ற மூவரிடமும் போயிற்று.

அவர்கள் தள்ளினார்கள். இப்படியாக அந்தக் கார் சுன்னாகத்திலிருந்து உடுவிலுக்கு, ஒரு மாட்டையும் வருத்தாமல், நாதசுரம் முன்னே ஊத, அதிவேகக் காருக்குரிய சகல சத்தத்தோடும் புறப்பட்டது. மணல் கூடிய இடங்களில் நால்வரும் தோளைக் கொடுத்தார்கள். வெயில் ஏறியது. கந்தப்புவின் முதுகில் வியர்வை வாய்க்காலாய் ஓடியது.

"நயினார், எஞ்சினை நிப்பாட்டினால் புகை எங்கடை மூஞ்சையிலை அடியாது. மூச்சு விட லேசாக் கிடக்கும்."

"நிப்பாட்டக்கூடாது. சனம் பாக்குது," என்றார் முத்துக்குமாரு, சுக்கானைப் பிடித்தபடி.

வேலிகளின் மேலாகப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்ன சத்தம், என்ன சத்தம்! பறக்கப் போகுதாக்கும்," என்றாள் ஒருத்தி. "எங்கை பறக்கிறது, தவில்காரனே முந்திப்போட்டான்," என்றாள் மற்றவள். முத்துக்குமாரு முதலாமவள் சொன்னதை மட்டும் கேட்டார்.

உடுவிலில் அவருடைய படலைக்கு முன்னால் கார் வந்து நின்றது. உள்ளே வாழைமரம் கட்டிய பந்தல். மணவறையில் ஐயர் எழுந்து நின்று கையை அசைக்கிறார். அடுப்படி வாசலில் ஞானாம்பிகை கண்ணைத் துடைக்கிறாள். அவளுக்குப் பின்னால் கூறைச்சேலைக்குக் காத்திருக்கும் குணலட்சுமி. படலையிலிருந்து பந்தலுக்கு நாற்பது முழமும் இல்லை.

"படலையை அகலத் திறந்து விடுங்கோ நயினார். ஒரு மூச்சிலை பந்தலடியிலை விட்டிடுவம்," என்றான் கந்தப்பு.

ஏரம்பு காருக்கும் படலைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"உள்ளுக்கையோ? உவங்களோ?"

முத்துக்குமாரு அவரைப் பார்த்தார். மணவறையைப் பார்த்தார். இத்தனை நேரமும் எதற்கும் ஒரு நியாயம் கேட்டுக்கொண்டிருந்த பிறக்கிறாசியைப் பார்த்தார். பிறக்கிறாசி தம் மணிக்கூட்டைப் பார்த்தார். டாக்குத்தர் மாமரத்தைப் பார்த்தார். ஞானாம்பிகை மட்டும் கந்தப்புவைப் பார்த்தாள். பிறகு அவளும் மணவறைப் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் உதிலை நில்லுங்கோடா," என்றார் முத்துக்குமாரு.

பின்னர் நடந்தது கழகத்தின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. தலைவரும் செயலாளரும் பொருளாளரும், சம்பந்தியாருடன் சேர்ந்து, ஒரு காரின் மேல் தம் சொந்தக் கையை வைத்தார்கள். அதற்கு முன், வெளியார் கைபட்ட பின்பக்கம் முழுவதற்கும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டது. பட்டுச் சால்வை நழுவ, மூச்சு வாங்க, நால்வரும் தள்ளினார்கள். கார் அசைந்தது. பந்தலை அடைந்தது. தாலி முகூர்த்தத்துக்குள் ஏறியது.

விருந்தின்போது கழகம் மறுபடியும் கூடியது. பாயசம் பரிமாறப்படுகையில், 'வீட்டில் திருத்துவதற்கு மட்டுமல்ல, வீட்டில் தள்ளுவதற்கும் இச்சிவப்புக் காரே இலகுவானது' என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மாடுகளிடம் காட்டிய கருணைக்காக ஏரம்புவுக்கு நன்றி சொல்லப்பட்டது. அவர் அடக்கத்தோடு தலையசைத்தார்.

விருந்தினரின் வண்டில் மாடுகள் வளவுக்குள் மாநிழலில் படுத்து வைக்கோல் தின்றன. கந்தப்புவும் மற்ற மூவரும் வேலிக்கு வெளியே வெயிலில் நின்று தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் குடித்தார்கள்.