அப்லாபமோஸ் என்றால் பேசுவோம்

இல்லறத்தில் ஒரே ஒரு வாக்குவாதத்திலாவது ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். தமிழில் அதற்கு வழியில்லை என்பது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே ஸ்பானிஷ்.

வெளியில் சொன்ன காரணம் வேறு. எங்கள் கம்பெனி தண்ணீர் பம்பு விற்கிறது. ஸ்பானிஷ் பேசும் ஊர்களிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்திருந்தது. மொழி தெரிந்தவனுக்குத் தனி மேஜை என்றார் மேனேஜர். மேஜை கிடக்கட்டும். மனைவிக்குப் புரியாத மொழியில் நிம்மதியாக முணுமுணுக்கலாமே.

அவள் தையற்காரி. முன்னறைதான் கடை. ஜன்னலோரம் அவள் மெஷின். எதிரே சோபாவில் நான், பாடப் புத்தகத்தோடு.

"அப்லாபா, அப்லாபாஸ், அப்லாபா" என்று ஆரம்பித்தேன்.

மெஷின் நின்றது. "எங்கப்பாவை எதுக்கு இழுக்கறீங்க?"

"உங்கப்பா இல்லைம்மா. பேசறதுங்கற வினைச்சொல். முன்னாடி வழக்கமா செஞ்சதைச் சொல்றதுக்குன்னே தனியா ஒரு இறந்தகாலம் வச்சிருக்கான். அப்லாபான்னா அப்பல்லாம் நான் பேசுவேன். அப்லாபாஸ், நீ பேசுவே. அப்லாபா, அவ பேசுவா."

"நானுக்கும் அவளுக்கும் ஒண்ணேவா?"

"ஒண்ணேதான்" என்றேன் பெருந்தன்மையாக. அங்கேதான் கோட்டை விட்டேன்.

சாயங்காலம், காயப்போட்ட துணியை நான் இன்னும் எடுக்காதது பற்றி அவள் விரிவாகப் பேசினாள். நான் ஜன்னலைப் பார்த்து, "அப்லாபா போக்கோ" என்று பெருமூச்சு விட்டேன். ஒரு காலத்தில் கொஞ்சமாகப் பேசுவாள்.

"அப்படின்னா?"

"போக்கோன்னா கொஞ்சம். முன்னெல்லாம் நான் கொஞ்சமாத்தான் பேசுவேன்னு சொன்னேன்."

"நான்னு எங்க சொன்னீங்க? அவளுக்கும் அதே அப்லாபாதானே?"

நான் துணி எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவளிடம் கோபம் இல்லை. ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்: "நாமங்கறதுக்கு என்ன?"

"அப்லாபமோஸ்."

"தமிழ்ல?"

"நாம பேசுவோம்."

"பேசுவோம்" என்று சொல்லிப் பார்த்தாள். "பஸ் ஸ்டாப்புல நின்னு பேசுவோம். வந்த பஸ்ஸை விட்டுட்டுப் பேசுவோம். அப்படி என்னதான் பேசினோமோ."

ஸ்பானிஷ்காரன் போனதற்கு ஒரு விகுதி, வரப்போவதற்கு ஒரு விகுதி என்று பிரித்து வைத்திருக்கிறான். நம் பேசுவோம் இரண்டுக்கும் ஒன்றுதான். முடிந்துபோனதா, இனிமேல்தானா என்று சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. சொல்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். பார்த்து நாளாகியிருந்தது.

"கண்ணாடி புதுசா?"

"அது பழசே ஆயிடுச்சு."

புத்தகத்தை மூடினேன். "சரி, பேசுவோம்."

"எந்தக் காலம்?"

"இனிமே. தினம் சாயங்காலம்."

அவள் யோசித்தாள். "பேசறதுக்கு வாய் போதும். கை சும்மாதானே இருக்கும்?" ஒரு குவியல் சீருடைச் சட்டைகள் என் மடியில் விழுந்தன. "பொத்தான் மட்டும்."

இப்போது தினமும் பேசுகிறோம். இடுப்பளவைக் குறைத்துச் சொல்லிவிட்டு, துணி சுருங்கிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவரைப் பற்றி அவள் சொல்வாள். என் மேனேஜரை நான் நடித்துக் காட்டுவேன். உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருக்கிறது. என்ன, குவியல்தான் குறைவதில்லை.

நேற்று கேட்டாள்: "தைக்கறதுக்கு அந்தக் காலத்துல என்ன?"

"கோசீயா. முன்னெல்லாம் நான் தைப்பேன்."

அந்த நேரம் பார்த்து ஒருவர் சட்டையோடு உள்ளே வந்தார். "பொத்தான் தைக்கணும்மா. நீங்கதானே தைப்பீங்க?"

காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் கையைக் காட்டி, "கோசீயா" என்றாள்.

அவர் என்னிடம் வந்து மரியாதையாகச் சட்டையை நீட்டினார். "கோசீயா சார், நாளைக்குக் கிடைக்குமா?"